சத்தம் என்று பதிந்தவை

ஆறு மணி ஷிப்ட். ஐந்தே முக்காலுக்கே துர்கா தன் இடத்தில் உட்கார்ந்து இரண்டு காது மடலையும் சுற்றிப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள். ஹெட்போனின் மெத்தை எப்போதோ உதிர்ந்துவிட்டது. வெறும் பிளாஸ்டிக் விளிம்பு எட்டு மணி நேரம் அழுத்தினால் தோல் உரியும். உரிந்த இடத்தில் வியர்வை இறங்கினால் கண்ணில் நீர் வரும். அங்கே வேலை செய்த இருபத்திரண்டு பெண்களில் பாதிப்பேருக்குக் காதின் பின்னால் ஒரே மாதிரிக் கருத்த தழும்பு.

அரக்கோணம் சாலையில் இருந்த அந்தக் கட்டடம் முன்பு கல்யாண மண்டபம். முதலாளி ஜம்புலிங்கம் ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்து, பந்தி நடந்த கூடத்தில் கம்ப்யூட்டர்களை வரிசையாகப் போட்டுவிட்டார். மணமேடையில் அவருடைய மேசை. அதன் பின்னால் சிமெண்டு மயில்கள் இரண்டு தோகை விரித்தபடி அப்படியே நின்றன.

கேட்பதுதான் வேலை. சென்னைக் கம்பெனி ஒன்று 'கிட்' தயாரித்துக்கொண்டிருந்தது. மனிதரோடு பேசும் ஏஐ செயலியை யார் வேண்டுமானாலும் ஒரே நாளில் கட்டிக்கொள்ளலாம். அதற்கான பாகங்கள் எல்லாம் கிட்டில் தயாராக இருக்கும். காது உண்டு, பேச்சைச் சொல்லாக மாற்றும். வேலி உண்டு, அனுமதித்த சொற்களை மட்டும் உள்ளே விடும். வாய் உண்டு, பதிலை உண்டாக்கிப் பேசும். ஆஸ்பத்திரியோ ஆலையோ, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். எல்லா ஊருக்கும் ஒரே தரம். அந்தத் தரத்தைச் சோதிக்கும் ஒலிப்பதிவுகளுக்குக் குறி போடுவது இந்தப் பெண்கள். 'ஆம்', 'இல்லை', 'சத்தம்' என்று மூன்று பொத்தான்.

"ஊருக்கெல்லாம் ஒரே அளவுல ஜாக்கெட் தைக்கிறாங்க," என்பாள் யோகலட்சுமி. அங்கிருந்தவர்களில் மூத்தவள். "பத்தலன்னா உடம்புதான் தப்பாம்."

ஒரு பதிலுக்கு நான்கு நொடி. அதற்குள் பொத்தானை அழுத்திவிட வேண்டும். ஒவ்வொரு பதிவும் மூன்று பேர் காதுக்குப் போகும். இரண்டு பேர் ஒரே குறி போட்டால் அதுவே முடிவு. 'ஆம்', 'ஆமாம்' இரண்டும் பட்டியலில் இருந்தன. 'ஆங்' இல்லை. அது சத்தம் என்றது விதிப்புத்தகம்.

துர்கா பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதவள். இரண்டு மாதம் முன்பு யாரிடமும் சொல்லாமல் கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதினாள்: எங்கள் பக்கத்தில் 'ஆங்' என்றால் 'ஆம்'. ஒரு வரியில் பதில் வந்தது. சில வட்டாரங்களில் அந்த ஒலிக்கு 'என்ன?' என்றும் பொருள் உண்டு, பட்டியல் பூட்டப்பட்டுவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்குக் கிட்டின் சோதனைக் குறிகளைக் கம்பெனிக்கு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததும், 'சத்தம்' என்று முடிந்த பதிவுகள் அழிந்துவிடும்.

பக்கத்து இடத்தில் மனோரமா. செவ்வாய்க்கிழமைதான் அவள் கணவன் முருகவேலுக்கு இடது கண் போனது.

பள்ளிப்பட்டில் ஜம்புலிங்கத்துக்கு விசைத்தறிக் கொட்டகை இருந்தது. கிட்டை முதலில் பரீட்சை பார்த்தது அங்கேதான். மேஸ்திரியை நிறுத்திவிட்டுச் சுவரில் ஒரு போனை மாட்டினார். அடிபட்டால் அதில் சொல்ல வேண்டும். அது கேள்வி கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வண்டிக்கும் கொட்டகைச் சாவி வைத்திருப்பவருக்கும் செய்தி அனுப்பும். நூல் திருடு போகிறது என்று கொட்டகையை வெளியே பூட்டுவது வழக்கம். சொந்த போனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். காலையில் முருகவேல் ஒருவனாக நான்கு தறி ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஊடு நூலைச் சுமந்து ஓடும், இரும்பு முனை வைத்த நாடாக்கட்டை தறியிலிருந்து தெறித்து முகத்தில் அடித்தது. எட்டரைக்கு அடுத்த ஆள் வந்து பூட்டைத் திறக்கும்வரை நூல் மூட்டையில் சாய்ந்து கிடந்தான்.

"போன் கைக்கு எட்டுற தூரத்துல இருக்குது. ஒரு வாட்டிகூட கூப்பிடல. அவன் அஜாக்கிரதைக்கு நான் இன்னா பண்றது?" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே ஜம்புலிங்கம் சொல்லிவிட்டார். முருகவேல் கூப்பிட்டதாகச் சொன்னதை மயக்கத்தில் உளறல் என்றார்.

அங்கே ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலை எண், தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் அதை நீக்கிவிடுவார்கள். மனோரமா தம்பியை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள்.

"பாவா எப்படி இருக்காருக்கா?" என்று முருகவேலைப் பற்றிக் கேட்டாள் துர்கா.

"தூங்கிகினே இருக்காரு. முழிச்சா, கட்டு போட்டிருக்கறது மறந்துட்டு, லைட்டு போடுங்கறாரு."

அதற்குமேல் பேச நேரமில்லை. மூன்றாவது காதுக்காகக் காத்திருந்த பதிவுகள் துர்காவின் திரையில் குவிந்திருந்தன.

ஏழே காலுக்கு அது வந்தது. விசைத்தறிகளின் தடதடப்பு. அதன் நடுவே கிட்டின் குரல்: "உங்களுக்கு அடிபட்டிருக்கிறதா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்."

"ஆங்."

ஆள் தெரியாமலிருக்க எல்லா ஆண்களையும் கிட் ஒரே குரலாக்கிவிடும். தினமும் கேட்கும் அதே ஆண் குரல்தான். துர்காவின் விரல் 'சத்தம்' மேல் போனது, ஆனால் அழுத்தவில்லை. தறிக்காரர் வீட்டில் பிறந்த காது அது. மூன்று தறி ஓடுகிறது, நான்காவது நின்றுபோயிருக்கிறது என்று பிரித்துச் சொன்னது. பதிவை ஓடவிட்டாள்.

"மன்னிக்கவும், பதில் கிடைக்கவில்லை. உங்களுக்கு அடிபட்டிருக்கிறதா?"

"ஆங்... ஆங், சாமி."

"மன்னிக்கவும், பதில் கிடைக்கவில்லை. உங்களுக்கு அடிபட்டிருக்கிறதா?"

"ஆங்! ஆங்! கண்ணு..."

"நன்றி. விபத்து எதுவும் பதிவாகவில்லை. பாதுகாப்பாக வேலை செய்யுங்கள்."

இணைப்பு அறுபடுவதற்குள் அந்த இரவல் குரல் இன்னும் ஒன்று சொன்னது. "மனோகிட்ட சொல்லுங்க. மனோ அங்கதான் வேலை பாக்குது."

துர்கா பதிவின் விவரத்தைத் திறந்தாள். செவ்வாய், காலை 7.12. முன்பே குறி போட்டவர்கள் இரண்டு பேர். எண் 7, சத்தம். எண் 14, சத்தம்.

ஏழு, முன்வரிசை சுஜாதா. பதினான்கு, மனோரமா. அவள் குறி போட்டது அன்றே, 7.40-க்கு. அவன் நூல் மூட்டையில் கிடந்த நேரம்.

பக்கத்தில் மனோரமா கண்ணை மூடியபடி அடுத்த பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். துர்கா 'ஆம்' என்று அழுத்தினாள். ஒன்றுக்கு இரண்டு, போதாது. ஒப்படைப்புக்குமுன் குறி போட்டவரே தன் குறியை மாற்றலாம் என்று விதி இருந்தது. சுஜாதா மாற்றினால் போதும். பதிவு அழியாது. அவன் கூப்பிட்டதற்குச் சாட்சி இருக்கும். மனோரமாவுக்கு எதுவும் தெரியவேண்டாம்.

தேநீர் இடைவேளையில் கை கழுவும் தொட்டியருகே சுஜாதாவைப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். சுஜாதா குழாயை மூடவில்லை.

"நான் விதிப்படிதான போட்டேன்?"

"ஆமா. இப்போ மாத்து."

"முதலாளியோட லைன் வீட்டுலதான் நாங்க வாடகைக்கு இருக்கறோம். நைனா எழுந்து நடக்கமாட்டாரு. நாளைக்கே காலி பண்ணுன்னா அவரை எங்க தூக்கிகினு போவேன்? நீ பி.எஸ்சி. படிச்சவ, வேற எங்கனா போவ." முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கு ஜம்புலிங்கம் மலைக்கோயிலுக்குப் போய் சாமி கும்பிட்டுவிட்டு நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். மேடையேறித் திரையைப் பார்த்ததும் மைக்கை எடுத்தார்.

"பத்தொன்பது யாரும்மா?"

துர்கா எழுந்து நின்றாள். முழங்கால் மேசையில் இடித்தது.

"கடைசி நேரத்துல ஒரு 'ஆம்' போட்டிருக்கியே. விதிப்புத்தகம் படிச்சியா?"

"படிச்சேங்க."

"ஆங்குன்னா இன்னா?"

"சத்தம்னு போட்டிருக்குதுங்க. ஆனா அது ஆம்தாங்க."

"உங்க பேட்டைக்கு மட்டும் செய்யற கிட்டா இது? நாடு பூரா போவுது. ஒரு சொல்லு சேத்தா எல்லாத்தையும் மறுபடி சோதிக்கணும். பதினோரு மணிக்கு நான் யாருக்கு பதில் சொல்றது? மாத்தும்மா."

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. சென்னைக் கம்பெனி. மைக்கை மூடாமலேயே எடுத்தார். "ஆங், சொல்லுங்க சார். ஆங். ஆங், முடிஞ்சிகினே இருக்குது சார். ஆங்."

கூடம் முழுக்க எதிரொலித்தது.

"ஐயையோ, சார் சத்தம் போடறாருடி," என்றாள் யோகலட்சுமி.

இருபது பெண்கள் ஒன்றாகச் சிரித்தார்கள். ஜம்புலிங்கத்தின் முகம் கறுத்தது. போனை வைத்துவிட்டு மெதுவாக மேடையிலிருந்து இறங்கினார்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. அந்தப் பதிவு இன்னான்னு இந்தப் பொண்ணு உங்ககிட்ட சொல்லிச்சா? பள்ளிப்பட்டு போனு அது. செவ்வாக்கிழமை."

"சார், வேணாம் சார்," என்றாள் துர்கா.

"இன்னா வேணாம்? பதினாலு யாரு? எழுந்திரும்மா மனோரமா. சத்தம்னு குறி போட்டது நீதான். கட்டின பொண்டாட்டிக்கே புருஷன் கூப்பிட்டது சத்தமா கேக்குது. மெஷினு மட்டும் புரிஞ்சிக்கணுமா?"

மனோரமா எழுந்திருக்கவில்லை. துர்காவின் பக்கம் கையை நீட்டினாள். துர்கா ஹெட்போனைக் கொடுத்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மனோரமா பதிவை முழுக்கக் கேட்டாள். மறுபடி ஒருமுறை கேட்டாள். ஹெட்போனைக் கழற்றியபோது காதோரம் ஒட்டியிருந்த பஞ்சில் ரத்தம் இருந்தது.

"டீ வந்துது," என்றாள் யாரிடம் என்றில்லாமல். "டீயை வாங்கிகினே அழுத்தினேன்."

பிறகு ஜம்புலிங்கத்தைப் பார்த்தாள். "மூணு வாட்டி கூப்பிட்டிருக்காரு. ஒரு வாட்டிகூட கூப்பிடலன்னீங்க. இந்தப் பதிவு உங்ககிட்ட இருந்துகினேதான சொன்னீங்க?"

"தோ பாரு, இப்போ குறியை மாத்தினா நீ தப்பா வேலை செஞ்சதா ஆவும். எண்ணு போயிடும். ஆஸ்பத்திரி செலவு இருக்குது உனக்கு. யோசிச்சி செய்."

"யோசிக்கத்தான் நாலு நொடிக்கு மேல வுடமாட்டீங்களே."

தன் திரையில் செவ்வாய்க்கிழமையைத் திறந்து, அந்தப் பதிவைத் தேடி, 'ஆம்' என்று மாற்றினாள்.

ஜம்புலிங்கம் போனை எடுத்தார். "சார், ரெண்டு எண்ணை உடனே கட் பண்ணுங்க. பதினாலு, பத்தொன்பது."

"ஏழும் சொல்லுங்க." முன்வரிசையிலிருந்து சுஜாதா. அவள் திரையிலும் குறி மாறியிருந்தது. "வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவீங்க, தெரியும். சொல்லுங்க."

"உங்க அப்பனைக் கட்டிலோட தெருவுல வெச்சிடுவேன்."

"எங்க தெருவுல வைங்க," என்றாள் யோகலட்சுமி. "நாங்க தூக்கிக்கறோம்."

துர்கா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். உட்காரச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவளுக்குத் தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"என்கிட்ட மட்டும் நாலாயிரம் ஆங் இருக்குது. எல்லாத்தையும் சத்தம்னு போட்டிருக்கறேன். ஆஸ்பத்திரி போனு, மில்லு போனு. யார் யாருன்னு தெரியாது. பதினோரு மணிக்கு அழிஞ்சிடும். நாம போட்ட குறியை நாமதான் மாத்தணும். எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அப்போ நாம 'ஆம்'னு போட்ட இடத்துல எல்லாம் கிட்டு பதில் கிடைக்கலன்னும், சோதனையில தோத்துடும். ஆங்கைச் சேக்காம அதை எங்கயும் அனுப்ப முடியாது."

பிறகு நடுவரிசையில் ஒரு மௌஸ் சொடுக்கியது. இன்னொன்று. கூடம் முழுக்க, கூரைத் தகட்டில் விழும் முதல் மழைபோல.

ஜம்புலிங்கம் மேடைக்கு ஓடி எண்களைப் படிக்கத் தொடங்கினார். "மூணு, கட் பண்ணுங்க. பதினொண்ணு. இருபது. சார், எல்லாம்தான் சார், எல்லாத்தையும்!" மொத்தமாக நிறுத்தினால் கிட்டின் வேலையே நின்றுவிடுமாம், ஒவ்வொன்றாகத்தான் முடியும் என்று சென்னையில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

துர்காவின் திரை அணைந்தது. அடுத்து மனோரமாவின் திரை. சுஜாதாவின் திரை. திரை அணைந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. எரியும் திரைகளின் பின்னால் போய் நின்று, 'ஆங்' கேட்டதாகத் தங்கள் நினைவிலிருந்த நாளையும் நேரத்தையும் சொன்னார்கள். ஒருத்தி பள்ளிப்பட்டுப் பதிவின் எண்ணை நோட்டுத்தாளில் எழுதி, தொழிலாளர் ஆய்வாளர் அலுவலகத்துக்கு என்று மேலே தலைப்புப் போட்டு, முதல் கையெழுத்தைத் தானே இட்டுப் பக்கத்தில் கொடுத்தாள்.

பத்து இருபதுக்கு ஒன்பது திரைகள் எரிந்துகொண்டிருந்தன. மனோரமா கூடத்தின் நடுவில் நின்றாள். மூன்று நாளாகத் தூங்காத கால்கள் தள்ளாடின.

யோகலட்சுமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே நாற்காலியில் ஓரமாக நகர்ந்துகொண்டாள்.

"வா மனோ. ரெண்டு பேர் உக்காரலாம்."