சந்தனத்துக்குக் கீழே எரிந்த விளக்கு

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. பாப்பாரப்பட்டியில் விதைக்கடை வைத்திருக்கும் நவநீதன், வாசலில் நின்ற தன் பழைய காருக்குள் குனிந்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் மனைவி மணிமேகலை தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது எட்டாம் மாதம். அவள் வெளியே வருவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

காரின் கோளாறைக் காட்டும் தீப்பெட்டி அளவிலான கருவியைச் செருகியதும் கைப்பேசியில் அதே கோளாறு எண் வந்தது. பி 0335. 'அழி' என்ற இடத்தைத் தொட்டான், எண் மறைந்தது. மூன்று வாரமாக, சேலம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் செவ்வாய்தோறும் இதுதான் அவன் செய்யும் முதல் வேலை.

ஒரு மாதத்துக்கு முன்பு மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. உள்ளூர் மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்காமல், எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார். பயந்துபோன நவநீதன் நேராகத் தர்மபுரிக்குப் போய், உதிரிபாகக் கடை கலைவாணனிடம் காரின் கோளாறைச் சொல்லும் கருவி கேட்டான். அவர் இரண்டை எடுத்து வைத்தார்.

"இது வெறும் நம்பர் காட்டுங்க. அது, நம்பருக்கு என்ன அர்த்தம்னும் சொல்லும், ஓடறப்ப எஞ்சின் சூட்டையும் காட்டும். வெல கொஞ்சம் கூடத்தான். ஆனா மெக்கானிக் வேல தெரியாதவங்களுக்கு அதுதானுங்க தோது."

நவநீதன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "வெளக்க அணைக்குமுங்களா?"

இரண்டுமே அணைக்கும் என்று சொல்லிவிட்டு அவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். நவநீதன் சின்னதை வாங்கிக்கொண்டான். விலை ஒரு சாக்கு. அர்த்தம் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் காரணம். முளைப்புத் திறனைப் படிக்காமல் விதைப் பொட்டலம் கேட்கிற ஆளைக் கடையில் அவன் சும்மா விடமாட்டான். தன் கார் என்று வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

மீட்டர் கண்ணாடியில் மணிமேகலை வெள்ளிக்கிழமை பூசையில் வைத்த சந்தனம் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம். சாமி காரியம், துடைக்கக் கூடாது என்று விட்டுவிட்டான்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது வளைவில் எஞ்சின் சத்தம் அப்படியே நின்றுபோனது. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. இரண்டு மிதிக்குப் பிறகு பிரேக்கும் இறுகிக்கொண்டது. கார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நவநீதன் இரண்டு காலாலும் பிரேக் மேல் ஏறி நின்றான், கைபிரேக்கை இழுத்தான், உடம்பையே கொடுத்து இடப்பக்கம் திருப்பினான். லாரி ஹாரனை அலறவிட்டபடி உரசாத குறையாகக் கடந்தது. கார் மண்மேட்டில் முட்டி நின்றது.

மணிமேகலை இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். அவளிடம் கேட்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. பிறகு கையை மெல்ல நகர்த்திப் பார்த்து, "கொழந்த அசையுதுங்க" என்றாள். அவன் ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்து அழுதுவிட்டான்.

அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினான். எதுவுமே நடக்காதது போல எஞ்சின் ஓடியது. சாவி திருப்பியதும் மீட்டரில் எரிந்த மற்ற விளக்குகள் அணைந்தன. சந்தனத்தின் ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஏதோ கசிந்தது. நகத்தால் சுரண்டினான். உள்ளே அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எனக்கு மொதல்லயே தெரியுமுங்க" என்றாள் மணிமேகலை. "மலப்பாதையில இதப் பாத்தா நீங்க பயந்துக்குவீங்கன்னுதான் அது மேல சந்தனம் வெச்சேன்."

நவநீதன் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்துக் காட்டி, தான் செய்ததையும் சொன்னான். அதற்கு மேல் காரை ஓட்ட அவனுக்குத் துணிவில்லை. அணைத்துவிட்டு உதவிக்குப் போன் செய்தான். கணவாய்க்குக் கீழே கார்ப் பட்டறை வைத்திருக்கும் இன்னாசி மீட்பு வண்டியோடு வந்தார். நவநீதன் உள்ளூர் மெக்கானிக் சொன்னதையும், மூன்று வாரமாக வந்த எண்ணையும் மனப்பாடமாகச் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது எஞ்சின் சுத்தறத அளக்கற சின்ன சென்சாருங்க. பழுதாயிட்டா, சூடேறுறப்ப எஞ்சின நிறுத்தீரும், ஆறுனா மறுபடி ஓடும். மாத்தறது அரநாள் வேலகூட இல்ல. எஞ்சின எறக்க ஒண்ணுமே இல்லீங்க. மூணு வாரமா நம்பர் கையிலயே இருந்திருக்குது. ஏங்க ஒருத்தர்கிட்டயும் கேக்கல?"

நவநீதன் நாளைக்கே கலைவாணன் கடைக்குப் போய் அர்த்தம் சொல்லும் கருவியை வாங்கிவிடுவதாக மணிமேகலையிடம் சொன்னான். அவள் முந்தானையால் மீட்டரில் மிச்சமிருந்த சந்தனத்தைச் சுத்தமாகத் துடைத்தாள்.

"எத வேணாலும் வாங்குங்க. ஆனா படிக்கறதுக்கு வாங்குங்க, அழிக்கறதுக்கு வேண்டாம். வெளக்கு நம்மள மூணு வாரமாக் கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சு. நீங்க அணைச்சீங்க, நான் மூடுனேன். ரெண்டு பேரும் பயத்தத்தான் மறைச்சோம், ஆபத்து கூடவே வந்துக்கிட்டு இருந்துச்சுங்க."