மீன்கடைக் குப்பைக்கு உடையவர்

புரூக்ளினில் அந்த மீன்கடை ரொசாரியாவுக்குச் சொந்தம். மீனும் அவளுக்குச் சொந்தம். விற்றது போக மிஞ்சும் குடலும் செதிலும் மட்டும் குப்பை லாரிக்காரன் கத்தால்டோவுக்குச் சொந்தம். அவள் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். கடைக் குப்பையை மாநகராட்சி எடுக்காது. குப்பை லாரிக்காரர்களே வாசல்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாசலை இன்னொருவன் தொடக்கூடாது. கடை கைமாறலாம், வாசல் கைமாறாது. இதைக் காப்பாற்ற ஒரு சங்கம், அந்தச் சங்கத்துக்குப் பின்னால் பெயர் சொல்லக்கூடாத பெரிய மனிதர்கள்.

அந்த ஆகஸ்டு வெயிலில் கத்தால்டோ பல நாள் எட்டிப் பார்க்கவில்லை. தொட்டியில் புழு நெளிந்தது. மீன் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனார்கள். போனில் கேட்டதற்கு, முடிந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சிரித்தான். வேறு ஆள் வரமாட்டான் என்கிற தைரியம்.

பக்கத்து ரொட்டிக்கடைக்குத் தினமும் காலையில் குப்பை எடுக்க வருகிறவன் சவேரியோ. அப்பா அகொஸ்தினோவும் அவனுமாக ஒரே லாரியை வைத்துப் பிழைப்பவர்கள். ரொசாரியா அவனைக் கெஞ்சிப் பார்த்தாள்.

"அக்கா, அது கத்தால்டோ வாசல். நான் அதைத் தொட்டா, அவங்க என்னைத் தொடுவாங்க."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ரொசாரியாவின் வாய் சும்மா இருக்கிற வாயா?

"குப்பைக்குப் பயப்படுறவனுக்கு மீசை எதுக்குடா?"

ரொட்டிக்கடைக்காரர் சிரித்துவிட்டார். சவேரியோவின் காது சிவந்தது. மறுநாள் காலையில் அவள் தொட்டி சுத்தமாக இருந்தது.

காசுக்கு மேல் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மத்தி மீனைப் பொரித்து, காகிதத்தில் சுற்றி, தினமும் தொட்டி மூடி மேல் வைத்தாள். அவன் லாரிப் படியில் உட்கார்ந்து விரலை நக்கி நக்கித் தின்பான். அப்பாவுக்கும் ரெண்டு வையுங்க என்பான். அவளும் வைப்பாள்.

இலை உதிர்கிற காலத்தில் ஒருநாள் அவன் வரவில்லை. குப்பை கொட்டும் மேட்டில், லாரிக்குள்ளேயே சுட்டுப் போட்டிருந்தார்கள். யார் செய்தது என்று தெருவுக்கே தெரியும். போலீஸ் வந்து கேட்டபோது தெருவில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. ரொசாரியாவுக்கும்தான். தெரியாது என்று சொன்ன அந்த வாயை அவள் பிறகு எத்தனை முறை அறைந்துகொண்டாள்!

குளிர் வந்ததும் சங்கம் கூடியது. வாசலை நாற விட்டது கத்தால்டோவின் தப்பு, பெரியவர்களைக் கேட்காமல் கொன்றது அதைவிடத் தப்பு. அதனால் மீன்கடை வாசல் இனி அகொஸ்தினோவுக்கு. ஒரு பிள்ளைக்கு ஒரு வாசல்! அதற்குப் பெயர் நியாயமாம். ரொட்டிக்கடைக்காரர்தான் வந்து சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் ரொசாரியா மத்தி பொரித்தாள். கைக்கு வேறு என்ன வேலை கொடுப்பதென்று தெரியவில்லை. காகிதத்தில் சுற்றி மூடி மேல் வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றாள்.

அதே லாரி வந்தது. அகொஸ்தினோ இறங்கினார். பொட்டலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொட்டியைக் கொட்டிவிட்டு, பொட்டலத்தோடு கடைக்குள் வந்தார்.

"பெரியவரே, நான்தான் அவனை..."

"தெரியும். மீசை விஷயத்தை வீட்டுல வந்து சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

அவள் அழுதாள். அவர் அழவில்லை.

"இந்த வாசலை நான் கேக்கலம்மா. அவங்களாத்தான் குடுத்தாங்க. வேணாம்னு சொல்ல எனக்குத் தைரியமில்ல. இன்னொரு மகன் இருக்கான்."

பொட்டலத்தைப் பலகை மேல் வைத்தார். சூடு இன்னும் ஆறவில்லை.

"இதை மட்டும் இனிமே வைக்காதே."

வெளியே போய்த் தொட்டியின் மூடியை அழுத்தி மூடினார். நாளைக்கும் வருவார். அது அவருடைய வாசல்.