மழை வராத இடி

அந்த வானிலை அலுவலகத்தில் வானத்துக்கு மொத்தம் பதினோரு காரியங்கள் செய்யத்தான் அனுமதி. கணினியில் ஒரு பட்டியல் இருக்கும். லேசான மழை, கனமழை, இடியுடன் கூடிய மழை, சூறைக்காற்று என்று போகும் அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கி அறிக்கையில் போட வேண்டும். பன்னிரண்டாவதாக எதையாவது செய்ய வானம் ஆசைப்பட்டால் அது அதன் பாடு, அலுவலகம் பொறுப்பல்ல.

இரண்டு நாள் முன்னறிவிப்பை எழுதுகிறவளைத் தெருவில் மழைக்காரி என்று கூப்பிடுவார்கள். பெருமையாக அல்ல. அவள் மழை என்று எழுதிய நாளில் எதிர்வீட்டம்மா வேண்டுமென்றே போர்வைகளைத் துவைத்துக் காயப்போடுவாள், அதுவும் இவள் வேலைக்குக் கிளம்பும் நேரமாகப் பார்த்து. மழைக்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 'ஓரிரு இடங்களில்' என்று தெளிவாகத்தானே எழுதினேன், உன் மொட்டைமாடி அந்த ஓரிரு இடங்களில் இல்லையென்றால் நான் என்ன செய்ய என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே பேருந்து ஏறுவாள்.

குளிர் விலகி வெயில் ஏறத் தொடங்கும் பருவம் அது. வானத்துக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லாத இரண்டு மாதம். அன்று மதியம் வரைபடங்களை அவள் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தாள். கீழே சமவெளியில் மழை கொட்டித் தீர்க்கும், சந்தேகமில்லை. மலைச்சரிவில்தான் வம்பு. அங்கே காற்று காய்ந்து கிடந்தது. மேகம் திரளும், மின்னும், இடிக்கும், சுழற்றி அடிக்கும். மழை மட்டும் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். கீழே இருப்பதோ பத்து வாரமாகச் சொட்டுத் தண்ணீர் காணாத காடு.

அந்தச் சரிவில் நாற்பது வீடுகள். அதில் ஒன்று அவள் அக்கா வீடு. அங்கே ஓர் ஊர் விதி உண்டு. தோட்டத்துச் சருகையும் முள்ளையும் கண்ட நாளில் கொளுத்தக் கூடாது, வானிலை அலுவலகம் மழை அறிவித்த நாளில் மட்டும் கொளுத்தலாம். தீ கொஞ்சம் தப்பினாலும் மழை வந்து அணைத்துவிடும் என்ற நம்பிக்கை. உலகத்திலேயே இந்த அலுவலகத்தை நம்பியது அந்த நாற்பது குடும்பங்கள்தான்.

பட்டியலில் மழை வராத இடிக்கு இடமில்லை. 'மழையில்லாமல் இடி மின்னல் வரும், காட்டுத்தீ அபாயம், எதையும் கொளுத்த வேண்டாம்' என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், நல்லது நினைக்க நேரமில்லாதவர். முப்பது வருஷ சர்வீஸில் எந்த அறிக்கையிலும் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்ததுதான் அவர் சாதனை. மகளின் கல்யாணப் பத்திரிகையிலேயே 'திருமணம் நடைபெற வாய்ப்புள்ளது' என்று அச்சடித்தவர் என்று அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"இடின்னா மழையோடதாம்மா வரும். பட்டியல்லயே அப்படித்தானே இருக்கு?"

"இந்தத் தடவை மழை வராது சார்."

"வந்துட்டா?"

பட்டியலைத் திருத்தக் குழு கூட வேண்டும் என்றார். குழுவின் தலைவர் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது என்றார். தீ வனத்துறை விவகாரம், அதில் நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்றார். இப்படி வழவழா கொழகொழா என்று கால் மணி நேரம் பேசிவிட்டு, அவள் எழுதியதை அடித்து, முத்து முத்தான கையெழுத்தில் 'மலைச்சரிவில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்புள்ளது' என்று எழுதிக் கொடுத்தார்.

அவள் சண்டை போட்டிருக்கலாம். வனத்துறைக்குத் தானே போன் செய்திருக்கலாம். கையெழுத்துப் போட மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது என்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். நாலு மணிக்கு அறிக்கை வெளியானது.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு மாடிப்படியில் நின்று அக்காவுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு ஒரு குச்சியைக்கூடக் கொளுத்தாதே. அத்தான்கிட்டயும் சொல்லிடு."

"ஏண்டி, மழைன்னு போட்டிருக்காங்களே?"

"போட்டது நான்தான். சொல்றதைக் கேளு."

போனை வைத்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கடமையை முடித்த திருப்தியில் டீகூடக் குடித்தாள் அந்தப் புண்ணியவதி.

மறுநாள் காலையில் சரிவில் எல்லோரும் நல்ல பிள்ளைகளாக, விதிப்படி, சருகைக் கூட்டிக் கொளுத்தினார்கள். அக்கா வீட்டில் மட்டும் சருகைக் குழியில் தள்ளித் தண்ணீர் ஊற்றி மண்ணைப் போட்டு மூடினார்கள். மதியம் இடித்தது. காற்று கிளம்பி, கனன்றுகொண்டிருந்த கங்குகளை வாரிக் காட்டுக்குள் இறைத்தது. பொழுது சாய்வதற்குள் பதினேழு வீடுகள் போய்விட்டன. ஆட்கள் தப்பித்தார்கள். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் இரண்டு கைகளும் வெந்துவிட்டன.

அடுத்த நாள் அலுவலகத்தில் வழக்கமான சரிபார்ப்புக் கூட்டம். சரிவில் இருந்த மழைமானியில் இரண்டு சொட்டு விழுந்திருந்தது. இடி வந்ததா, வந்தது. மழை வந்ததா, வந்தது. ஓரிரு இடங்களிலா, ஆமாம். நூற்றுக்கு நூறு மதிப்பெண். பாத்தீங்களாம்மா, நான்தான் சொன்னேனே என்று இயக்குநர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். மழைக்காரிக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. அறிக்கையின் அடியில் இருப்பது தன் கையெழுத்து என்பதும் தெரிந்தே இருந்தது.

அப்போதுதான் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். குரலைத் தணித்துப் பேசினாள். பக்கத்து வீட்டம்மா தன் அருகில்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஊரிலேயே நீங்கள் மட்டும் ஏன் கொளுத்தவில்லை என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றாள்.

மழைக்காரி போனோடு வெளியே வந்தாள். "நீயாவது அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?"

"அத்தான்கிட்ட சொல்லச் சொன்ன, சொன்னேன். வேற யார்கிட்டயாவது சொல்லச் சொன்னியா?" அக்கா குரலை இன்னும் தணித்தாள். பிறகு, "எனக்குப் பதில் சொல்லத் தெரியலடி. நீயே சொல்லு, அவங்ககிட்ட குடுக்குறேன்" என்றாள்.

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கம்மா" என்றது பழக்கமில்லாத ஒரு குரல்.