சபீனாவின் ஏப்ரன்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. செத்துப்போனவள் மேல் பொறாமை. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

‘அயர்லாந்தின் கொனமாராவில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்...’ சீ. இங்கே மழை என்றைக்குப் பெய்யவில்லை? அடித்துவிட்டேன். ‘ஃபெஸ்டி நல்ல மனிதர்.’ அதையும்தான்.

சரி, மாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

2

ஃபெஸ்டிக்கு நான் இரண்டாம் தாரம். முதல் தாரம் சபீனா, செத்துப்போனவள். வந்த மறுநாள் மாட்டுக்குக் கடவுள் பேரால் ஆசி சொல்லிக்கொண்டே தொழுவத்தில் நுழைந்தேன். முதல் பீச்சலை, இந்த ஊர் வழக்கப்படி, கண்ணுக்குத் தெரியாத குட்டித் தேவதைகளுக்கென்று தரையில் விட்டேன். அதோடு சரி. வெள்ளைமுதுகி பாலை அடக்கிக்கொண்டது. கறந்து முடித்ததும் பால் நுரை தொட்டு மாட்டின் விலாவில் சிலுவை போடுவதும் வழக்கம்; போடலாமென்றால் நுரையே இல்லை.

நாத்தனார் பேபின் சிரித்தாள். “சபீனா ஏப்ரனை மாட்டிக்கோ. அவ பாட்டைப் பாடு. மாடு ஏமாந்துடும்.”

“மாடு ஏமாறும் மதினி. நான்?”

“பால் வந்தாப் போதாதாடி உனக்கு?”

மாட்டிக்கொண்டேன். (அந்தத் துணியின் வியர்வை நாற்றம் பற்றி ஒரு பத்தி எழுதிக் கிழித்தேன்.) பால் வந்தது. ஃபெஸ்டியும் வந்தார். கதவில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். ஏழு மாதம் அவள் பாட்டு, என் தொண்டை.

3

(இங்கே ஃபெஸ்டியைக் கொடியவராக்கப் பார்த்தேன். குடிக்க வைத்தேன், அடிக்க வைத்தேன். எல்லாம் பொய். அடித்திருந்தால் அம்மா வீட்டுக்காவது போயிருப்பேன்.)

4

நேற்று அவர் சந்தைக்குப் போயிருந்தார். துவைத்த ஏப்ரன் கொடியில் ஈரமாகக் கிடந்தது. எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. சும்மா உட்கார்ந்து மாட்டின் மடியில் கை வைத்தேன்.

பால் இறங்கியது! கடைசியில் வரும் கெட்டிப்பால்கூட ஒட்ட வந்தது. மாடு என்னை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. விலாவில் சிலுவை போட்டுவிட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

சாயங்காலம் அவரிடம் ஓடினேன். “ஏப்ரன் இல்லாமலே கறந்தேங்க! பாட்டும் இல்ல. வாளி நெறைய!”

வாளியை அவர் பார்க்கவே இல்லை. கொடியிலிருந்து ஏப்ரனை எடுத்துவந்து அடுப்பருகே விரித்துப் போட்டார்.

“காலைக்குள்ள காஞ்சிடும். மாட்டிக்கோ. மாடு மிரளும்.”

“மாடா மிரளும்?”

குனிந்து ஏப்ரனின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

5

முடிவு ஒன்று: ஏப்ரனை அடுப்பில் போட்டேன். (போடவில்லை.) இரண்டு: அவர் மனம் மாறி... (சிரிக்காதீர்கள்.)

இப்போது விடிந்துவிட்டது. மாடு கத்துகிறது. ஏப்ரன் காய்ந்து ஆணியில் தொங்குகிறது. அவர் தொழுவத்து வாசலில் நிற்கிறார், கண்ணை அதற்குள் மூடியாயிற்று.

இந்தக் கதையில் இதுவரை யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. கவனித்தீர்களா? இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் என்னைக் கூப்பிடுவார். என்ன பெயர் சொல்லி என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.