பச்சைப் பட்டனை அமுக்காதீங்க

மச்சானுடைய கடைக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது ஒரு மாதத்தின் முதல் தேதியில். தேதிக்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்லலாம்.

மச்சான் என்பது அவன் மனைவியின் அண்ணன். இரண்டு தெருக்கள் சேரும் முக்கில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறார். கண்ணாடிக் கதவுக்கு எழுத்து, வேனுக்குப் பெயர், ‘தள்ளு’, ‘இழு’, ‘செருப்பை வெளியே விடவும்’ எல்லாம் வெட்டிக் கொடுப்பார். வெட்டுவது மெஷின். கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து கொடுத்தால், மெஷினில் இருக்கும் குட்டிக் கத்தி அதே வழியில் ஓடி வினைல் தாளை வெட்டும். மெஷினைச் செய்த கம்பெனி கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் பல வருஷமாகிறது. கம்ப்யூட்டரையும் மெஷினையும் பேச வைக்கிற சாஃப்ட்வேர் இல்லையென்றால் அது மேஜையை அடைத்துக்கொண்டிருக்கும் வெறும் இரும்பு.

அவன் தண்ணீர் சோதனைக்கூடத்தில் பாட்டில்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மாப்ளே, அரை நாள் லீவு கிடைக்குமா?"

"என்ன மச்சான்?"

"கம்ப்யூட்டர் போச்சு. சர்வீஸ்காரன் டிஸ்க்கைக் கழட்டிப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கிட்டான். ஒண்ணும் மிஞ்சலையாம். நாளைக்குக் காலையில பல் டாக்டர் கிளினிக் திறக்கிறாங்க. கதவுக்கு எழுத்து நான் ஒட்டித் தர்றேன்னு வாய் குடுத்திருக்கேன். பொண்ணு லேப்டாப்பைப் பிடுங்கிட்டு வந்துட்டேன். சாஃப்ட்வேர்தான் இல்ல. அதை எங்க இருந்து எடுத்தோம்னு…" மச்சான் குரல் இறங்கியது. "எடுத்தவ அவதானே."

"எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் மச்சான்."

அதைச் சொன்னபோது தன் குரல் தன் காதிலேயே விழுந்தது அவனுக்கு. அப்படி விழுந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அவன் மனைவி அந்தக் கடையில்தான் எழுத்து வரைந்துகொண்டிருந்தாள். கம்பெனி மூடியபின், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த துண்டுகளைத் தேடிப் பிடித்து, ஒட்டுப்போட்டு, அந்த சாஃப்ட்வேரை ஓட வைத்தவள் அவள். இதே மெஷினை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள் என்று, கோப்புகளைச் சும்மா போட்டுவைக்கிற ஒரு தளத்தில் ஏற்றியும் விட்டாள். எலிவால் என்ற பெயரில். சின்ன வயதில் அவள் பின்னலைப் பார்த்து அண்ணன் வைத்த பெயர். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகும்போது நடந்துதான் போனாள்.

அதற்குச் சில வாரம் கழித்து, வேறு வேலை ஓடாமல், எலிவால் என்று தட்டித் தேடினான். அந்தப் பக்கம் வந்தது. கோப்பின் பெயருக்குக் கீழே அவள் எழுதிவைத்திருந்தாள்.

‘பச்சைப் பட்டனை அமுக்காதீங்க. அது பொய். பெருசா இருக்கிறது எல்லாமே பொய். கீழ ஓரத்துல சாம்பல் கலர்ல ஒண்ணு பதுங்கிட்டு இருக்கும், அதுதான் நிஜம். அறுபதுல இருந்து எண்ணும். நடுவுல வேற பக்கம் போனா கோவிச்சுக்கிட்டு மறுபடி முதல்ல இருந்து வரும். இங்க வேற எதையும் தொடாதீங்க, தொட்டா உங்க பாடு. அப்புறம் மறக்காம…’

அவ்வளவுதான். மூன்று புள்ளிகள். அவள் பேச்சே அப்படித்தான். ‘மறக்காம’ என்று வாசலில் நின்று ஆரம்பிப்பாள், அதற்குள் பஸ் வந்துவிடும். பாதியில் விட்ட வாக்கியங்கள் வீடு முழுக்கக் கிடந்தன. இது இன்னொன்று.

பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், தளத்துக்காரர்கள் ஒரு வரி போட்டிருந்தார்கள்: நாற்பது நாள் யாரும் எடுக்காத கோப்பு நீக்கப்படும்.

அன்றிலிருந்து மாதா மாதம் முதல் தேதி, வேலை முடிந்து வந்ததும், அவன் அந்தக் கோப்பை இறக்கி எடுத்தான். போனில் அலாரம் வைத்திருந்தான். சாம்பல் பட்டன். அறுபது வினாடி. நான் மனிதன்தான் என்று நிரூபிக்கப் படங்கள். பின்னால் திறந்துகொள்ளும் விளம்பர ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடைப்பது. சும்மா எடுப்பவர்களுக்கென்று வைத்திருக்கும் ஆமை வேகம். சில தடவை தொண்ணூறு சதவீதத்தில் அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. கோப்பு வந்து சேர்ந்ததும் அழித்துவிடுவான். அவனுக்கு வேண்டியது கோப்பு அல்ல, பக்கம். யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது.

கடைக்குப் போனபோது மச்சான் மனைவி கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"வாங்க தம்பி. காலையில இருந்து உங்க மச்சான் அந்த மெஷினைச் சுத்திச் சுத்தி வர்றாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல கும்பிட்டுடுவாரு."

"நீ பேசாம இருடி" என்றார் மச்சான். "உக்காரு மாப்ளே."

அவன் பக்கத்தைத் திறந்தான். முகவரி விரலிலேயே இருந்தது. மச்சான் தோளுக்கு மேல் குனிந்தார். பக்கம் முழுவதும் வருவதற்குள், பொறுக்கமாட்டாமல் கையை நீட்டி, நடுவில் பளபளத்த பச்சையைத் தட்டிவிட்டார்.

லேப்டாப் அலறியது. திரை சிவந்தது. ஒரு பெண் குரல், இந்தக் கம்ப்யூட்டரில் ஒன்பது வைரஸ் இருக்கிறது, உடனே அழையுங்கள் என்று சத்தம் போட்டது.

"ஒம்பதா" என்றாள் மச்சான் மனைவி. "பொண்ணு சாயங்காலம் வந்து பாக்கட்டும், உங்களைப் பத்தாவதா சேத்துக்குவா."

"பச்சையை அமுக்கக் கூடாது மச்சான்" என்றான் அவன், ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே. "போட்டிருக்கு பாருங்க."

மச்சான் அப்போதுதான் படித்தார். உதடு அசைந்தது. முடித்துவிட்டு மேலே போய்ப் பெயரைப் பார்த்தார்.

"எலிவால்னா போட்டிருக்கா?"

"ம்."

"நான் அப்படிக் கூப்பிட்டா செருப்பைக் கழட்டுவா. இங்க அவளே போட்டுக்கிட்டிருக்கா பாரு." அவர் நிமிர்ந்து, ஓடாத மெஷினைத் துணியால் துடைத்தார்.

அறுபது எண்ணி முடிந்தது. படங்கள் வந்தன. சிக்னல் விளக்கு இருக்கும் கட்டங்களைத் தொடச் சொன்னது.

"இது கம்பம்தானே, இதுவும் சிக்னல்ல சேருமா?"

"சேரும் மச்சான்."

"நீ எப்படி இவ்வளவு சட்டு சட்டுனு தொடுற?"

அவன் அடுத்த கட்டத்தைத் தொட்டான். கோப்பு சொட்டுச் சொட்டாக இறங்கியது. மச்சான் டாக்டருடைய ஆளுக்குப் போன் போட்டு, எழுத்து ரெடியாயிட்டே இருக்கு, ராத்திரிக்குள்ள ஒட்டிடுவோம் என்றார். அவன் முதுகைத் தட்டினார். வந்து சேர்ந்த கோப்பை, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, அவன் திறந்தான்.

திறக்கவில்லை. சின்னக் கட்டம் ஒன்று எழுந்து, இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்டது.

மூடித் திறந்தான். மறுபடி கேட்டது. கோப்பின் பெயரைப் பார்த்தான். அதன் வாலில் ஒன்று என்று இருந்தது. ஒன்று என்றால் ஒன்றுதான் என்று எண்ணியிருந்தான். எண்ணினான் என்றுகூடச் சொல்ல முடியாது. பார்த்ததே இல்லை.

"ரெண்டாவது எங்க?" என்றார் மச்சான்.

"தெரியல."

"அவ ஏதாவது எழுதியிருப்பா, அங்கயே பாரு."

"அவ்வளவுதான் மச்சான் எழுதியிருக்கா. எனக்கு மனப்பாடம்."

மச்சான் மனைவி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல ‘மேலும்’னு ஒண்ணு இருக்கே தம்பி. அது என்ன?"

இருந்தது. இளநீலத்தில், ஒரு விளம்பரத்தை ஒட்டினாற்போல். அதை எப்போதும் பார்த்திருக்கிறான். தொட்டதில்லை. வேற எதையும் தொடாதீங்க என்று அவளே சொல்லியிருந்தாள்.

தொட்டான். புள்ளிகள் மறைந்தன. அவை அவள் வைத்த புள்ளிகள் அல்ல. நீளமாக இருக்கிறது என்று தளம் வெட்டிய இடம். வாக்கியம் முழுதாக வந்தது.

‘அப்புறம் மறக்காம ரெண்டாவது பாகத்தையும் எடுங்க, லிங்க் கீழ இருக்கு. இடம் பத்தலன்னு ரெண்டா பிரிச்சிருக்கேன். ஒண்ணு இல்லாம ஒண்ணு திறக்காது.’

கீழே லிங்க். அதைத் தொட்டான். வெள்ளைப் பக்கம் வந்தது. வெகுநாளாக யாரும் எடுக்காததால் இந்தக் கோப்பு நீக்கப்பட்டது.

லிங்க்கை இன்னொரு தடவை தொட்டான். அதே வெள்ளைப் பக்கம்.

"வேற எங்கயாவது வச்சிருப்பாளா?" என்றார் மச்சான்.

"எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டர்லதான் வச்சிருந்தா."

"நீ இதை முன்னாடி எடுத்திருக்கே போல இருக்கே."

"மாசா மாசம் எடுத்தேன்."

"எடுத்து?"

"அழிச்சிட்டேன்."

"எதுக்குய்யா எடுக்கிறே, எதுக்கு அழிக்கிறே?"

அவன் எறும்பு எழுத்து வரியைக் காட்டினான். மச்சான் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இத்தனை மாசமா" என்று ஆரம்பித்தவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். அவள் வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். ஆனாலும் அவர் வாய் அடங்கவில்லை. "ஒண்ணையே எடுத்துக்கிட்டு இருந்திருக்கியே மாப்ளே. ரெண்டாவதையும் ஒரே ஒரு தடவை எடுத்திருந்தா…"

"ஆமாம் மச்சான்."

"சரி விடு. நான் மேலத்தெரு ஸ்டிக்கர் கடைக்காரன்கிட்ட போறேன். போன வருஷம் அவன் மெஷின் நின்னப்ப நான் சிரிச்சேன். இப்ப அவன் சிரிக்கட்டும். பல்லு டாக்டருக்குத்தானே எழுத்து, நல்லா காட்டிச் சிரிக்கட்டும்."

மச்சான் தாள் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். மச்சான் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பினாள்.

அவன் அந்தப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்று ஓரத்தில் ஓர் எண் இருந்தது. அதில் தன்னைக் கழித்துப் பார்த்தான். மற்றவர்களும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். எங்கோ ஓடாத மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளைக்குத் தருகிறேன் என்று வாய் கொடுத்துவிட்டு, அறுபது எண்ணி, சிக்னல் விளக்குகளைத் தொட்டு, கடைசியில் பாதியை வாங்கிக்கொண்டு போனவர்கள். அவன் உயிரோடு வைத்திருந்ததால்தான் அவர்களுக்கு அது கிடைத்தது.

கீழே கருத்து எழுதும் பெட்டி இருந்தது. இதுவரை யாரும் எழுதவில்லை. அவனும்தான். தட்டினான்: ‘இதில் முதல் பாகம் மட்டுமே இருக்கிறது. இரண்டாவது போய்விட்டது. இது திறக்காது. எடுக்க வேண்டாம்.’

அனுப்புவதற்கு முன் விரல் நின்றது. இதை அனுப்பிவிட்டால் இனி ஒருவரும் எடுக்க மாட்டார்கள். இதுவரை தான் ஒரு மாதம் மறந்தாலும் வேறு யாரோ வந்து தொட்டு நாளை நீட்டிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அதுவும் போகும். அவன் ஒருத்தன்தான். விடவும் முடியாது, விட்டால் அந்தக் குரல் போய்விடும்.

அனுப்பினான்.

அலாரம் அடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நிறுத்தினான். மச்சான் வந்துவிட்டார். வெட்டிய எழுத்துகளை மேஜையில் விரித்தார்.

"சிரிச்சானா?" என்றாள் மச்சான் மனைவி.

"இல்ல. அதுதான் கஷ்டமா இருந்தது. டீ வாங்கிக் குடுத்து அனுப்பினான்." நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டார். "என்ன அலாரம் மாப்ளே?"

"இதுக்குத்தான். எடுக்கிறதுக்கு."

"அதான் மத்தியானமே எடுத்தாச்சே."

"ஆச்சு. வழக்கமா வைக்கிறது."

மச்சான் எழுத்துகளைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எப்படின்னு காட்டு. உனக்கு ஒரு மாசம் முடியலன்னா ஆள் வேணுமில்ல."

"எழுத்து ஒட்டப் போகணுமே மச்சான்."

"ஒரு நிமிஷந்தானே எண்ணும்."

அவர் விரல் பழக்கதோஷத்தில் பச்சைக்குப் போனது.

"பச்சை இல்ல."

"தெரியும், தெரியும். அவதான் சொல்லியிருக்காளே." ஓரத்தில் பதுங்கியிருந்த சாம்பல் நிறத்தைக் கண்டுபிடித்துத் தட்டினார். அறுபது என்று வந்தது. ஐம்பத்தொன்பது.

மச்சான் மனைவி வாசலில் நின்று, டாக்டர் ஆள் வந்து நிற்கிறார் என்று கூப்பிட்டாள்.

"திரும்பிப் பாக்காதே மாப்ளே" என்றார் மச்சான் மெதுவாக. "முதல்ல இருந்து ஆரம்பிச்சிடும்."

தலையைத் திருப்புவதால் ஒன்றும் ஆகாது என்று அவனுக்குத் தெரியும். சொல்லவில்லை. இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.