பாஷை தெரியாத பாட்டுகள்

அன்று சாயங்காலம் தம்பி வருவான் என்று லீலாபாய் காத்திருந்தாள். வந்தது போலீஸ்.

1954 ஆகஸ்ட். திருவனந்தபுரம் சர்க்காரின் கீழிருந்த தமிழ் பேசும் தாலுகாக்களை மதராசோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவள் தம்பி ஜெபதாஸும் மார்த்தாண்டத்தில் கொடி பிடித்துப் போனவன். குண்டு அவன்மேல் படவில்லை. பெயர் மட்டும் போலீஸ் கைக்குப் போய்விட்டது. கீரிப்பாறையில் ரப்பர் வெட்டும் கூட்டாளி ஒருவனின் குடிசையில் பதுங்கிக் கிடந்தான். எஸ்டேட் பஸ் கண்டக்டரிடம் அவன் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோட்டாற்றில் அக்காள் வீட்டுக்கு வருவான், மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு ஆரல்வாய்மொழி வழியாக எல்லை தாண்டி மதராஸ் பக்கம் பணகுடிக்குப் போய்விடுவான்.

லீலாபாய் புருஷனின் வேட்டி சட்டையைப் பொட்டலமாகக் கட்டி அடுக்களையில் வைத்திருந்தாள். புருஷன் செல்வதாஸ் கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினான். வீட்டில் அவளும் மாமியார் ராஜபாயும் மட்டும். அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாடகர் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான்.

இன்ஸ்பெக்டர் பூட்ஸ் சத்தத்தோடு வாசலில் வந்து நின்றார். தம்பியைத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். தென்னைமரத்துக்கும் கூரைக்கும் நடுவே கட்டியிருந்த ஏரியல் கம்பியைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். ரேடியோவுக்கு என்றாள். இந்த வீட்டிலிருந்து அன்னிய பாஷையில் பேச்சுக் கேட்கிறது, கம்பி வழியாக மதராசுக்குச் சேதி போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் ரேடியோ லைசென்ஸை எடுத்து நீட்டினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. அதற்குள் ஒரு போலீஸ்காரன் கம்பியை வெட்டிக் கீழே போட்டிருந்தான்.

ரேடியோவைப் போடச் சொன்னார். போட்டாள். கம்பி இல்லாத ரேடியோ எண்ணெய்ச் சட்டியைப்போலச் சடசடவென்று பொரிந்தது. முள்ளை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே பொரிச்சல்தான். ஆறரை மணியாகப் போகிறது. தெருவில் யாராவது நடந்தால் அவள் கண் வாசலுக்குப் போனது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திருவனந்தபுரத்துக்கு வடக்கே இருந்து வந்தவர். மலையாளம் கலந்த தமிழ்.

“டீச்சரே, இதில நீங்க என்னவாக்கும் கேக்கியது?”

“பாட்டு.”

“எந்தப் பாஷையில?”

எல்லாப் பாஷையிலும் என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று பயந்தாள். ஆனால் ஒன்று புரிந்தது. பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவர் தம்பியைப் பற்றிக் கேட்கமாட்டார். அதனால் அவள் பேச ஆரம்பித்தாள். மூன்று வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததையெல்லாம் அந்த மனிதரிடம் சொன்னாள்.

செல்வதாஸ் லீவில் வந்தபோது கொண்டுவந்த ரேடியோ அது. முதலில் கொழும்பு நிலையத்தை மட்டும் கேட்டாள். ஒருநாள் விடியற்காலை முள்ளை நகர்த்தும்போது கெய்ரோவில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாகப் பாடினாள். ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் ஏதோ பறிகொடுத்தவர்கள்போல அரற்றினார்கள். அன்று பள்ளிக்கூடத்துக்குப் போக நேரமாகிவிட்டது. அப்புறம் ஜாவாவிலிருந்து வெண்கல மணிகள். நூறு பாத்திரத்தில் ஒரே சமயம் மழை விழுவதுபோல இருந்ததில் ரேடியோதான் கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்துவிட்டாள். மங்கோலியாவில் ஒருவன் ஒரே தொண்டையில் இரண்டு குரல் எடுத்தான். அடுக்களையிலிருந்த ராஜபாய், ஆருக்க களுத்தையோ நெரிக்கியாவ என்று ஓடிவந்தாள்.

அமெரிக்காவில் கறுப்பு ஜனங்களின் கோயில் பாட்டு கேட்டதையும் சொன்னாள். இங்கே பாடுகிற அதே ராகம்தான். அவர்கள் கை தட்டி, தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி இழுத்துப் பாடியபோது அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அதேபோலப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரே ஒரு ஞாயிறு பாடினார்கள். சபைக் கமிட்டி கூடி, இது கோயிலா கொட்டகையா என்று கேட்டது.

போலீஸ்காரர்களில் ஒருவன் சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

“அர்த்தம் அறியாத பாட்டை எதுக்குக் கேக்கணும்? அதைச் சொல்லணும்.”

தெரியாது என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை. எதையோ மறைக்கிறாள் என்று அவர் நினைத்துவிட்டது அவர் முகத்தில் தெரிந்தது. கேட்டதில் ஒன்றைப் பாடிக் காட்டும்படி சொன்னார். ஒரு போலீஸ்காரனிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பயத்தில் எந்தப் பாட்டும் ஞாபகம் வரவில்லை. கடைசியில் வந்தது வரக்கூடாத பாட்டு. போன மழைக்காலத்தில் கேட்டது. எந்தத் தேசம் என்றுகூடப் பிடிபடவில்லை. சர்க்கார் தடை செய்த பாட்டு என்றும், அந்த ஊரில் நிலவறைகளில் கூடி இதைப் பாடுகிறார்கள் என்றும் அறிவிப்பாளர் இங்கிலீஷில் சொல்லியிருந்தார். அதை இவரிடம் சொல்ல முடியுமா? வாய் திறந்து பாடினாள். முதல் வரி மெதுவாகத்தான் வந்தது. இரண்டாவது வரியில் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. ஜெபதாஸ் யாருடைய சைக்கிளிலாவது வரலாம். அவள் குரலைத் தூக்கினாள். கோயிலில்கூட அவ்வளவு உரக்கப் பாடியதில்லை. எதிர்வீட்டில் விளக்கோடு ஒருத்தி வெளியே வந்து நின்றாள். சொற்கள் பாதி மறந்துபோயிருந்தன. அந்த இடங்களில் வாய்க்கு வந்ததைப் பாடினாள். எழுதிக்கொண்டிருந்தவன் பென்சிலை வைத்துவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

பாடி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. சைக்கிள் சத்தம் இல்லை.

ராஜபாய் அதுவரை அடுக்களை வாசலிலேயே நின்றிருந்தாள். இப்போது முன்னால் வந்தாள்.

“சாரே, எனக்கும் இது ஒண்ணும் விளங்காது. இந்த மூணு வருசமா நானும் ஏசாத ஏச்சு இல்ல. எனக்க மவன் கடலுக்கு அங்கோட்டு இருக்கான். இவளுக்குப் பிள்ளையும் இல்ல. காலத்த எழும்பி அந்தப் பெட்டிக்க முன்ன இருந்து அழுவா, சிரிப்பா. சேதி அனுப்பியவ இப்படியா அழுவா?”

இன்ஸ்பெக்டர் எழுதியிருந்த தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். பிறகு எழுந்தார். விசாரணை முடியும்வரை ரேடியோ போலீஸ் ஸ்டேஷனில் இருக்கட்டும் என்றார். வாசல்படியில் நின்று, தம்பி எங்கே என்று கேட்டார். அவ்வளவு நேரமும் அதை அவர் மறந்திருக்கவில்லை.

“நான் அறியல்ல” என்றாள்.

அவள் கண்ணையே சற்று நேரம் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். ஒரு போலீஸ்காரன் ரேடியோவைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

ஜெபதாஸ் அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வழியில் பிடித்திருப்பார்களோ என்று லீலாபாய் சோறு இறங்காமல் கிடந்தாள். வகுப்பில் சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்தபடி எழுத மறந்து நின்றாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியிலும் ஜெயிலிலும் போய் விசாரிக்கலாம் என்றால், விசாரித்ததே காட்டிக்கொடுத்துவிடும். ராஜபாய் அவளுக்கு முன்னால் கஞ்சியை வைத்து, குடிக்கும்வரை நகராமல் உட்கார்ந்தாள்.

மறுவாரம் பஸ் கண்டக்டர் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தார். ஆள் பணகுடியில் இருக்கிறான், சுகம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவள் மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஊர்வலம் போனவர்கள்மேல் இருந்த வழக்கு நின்றுபோன பிறகுதான் ஜெபதாஸ் ஊருக்கு வந்தான். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

“தெருமுக்கு வரைக்கும் வந்தேன் அக்கா. நீ பாடினது கேட்டுது. என்ன பாட்டுன்னு தெரியல்ல. ஆனா விளக்கு வைக்கிய நேரத்தில நீ அப்படித் தொண்டைகிழியப் பாடமாட்டியே. என்னவோ சரியில்லன்னு சைக்கிளைத் திருப்பிட்டேன்.”

லீலாபாய் அவன் இலையில் இன்னும் கொஞ்சம் மீன் வைத்தாள்.

அதற்கு முன்பே ரேடியோ திரும்பி வந்திருந்தது. ஒரு பக்கம் கீறல், மற்றபடி பழுதில்லை. ஏரியல் கம்பியை மறுபடி கட்டினாள். ஆனால் பழையபடி கேட்க முடியவில்லை. எந்தப் பாட்டு வந்தாலும் பாதிக் காது வாசலில் இருந்தது. சத்தத்தைக் குறைத்து, ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழிட்டுக் கேட்டாள். 1956 நவம்பரில் தாலுகாக்கள் மதராசோடு சேர்ந்து ஊரெல்லாம் வெடி போட்ட நாளிலும் தாழிட்டுத்தான் கேட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு விடியற்காலை, இதுவரை கேட்டிராத ஒரு வாத்தியம் வந்தது. நாணல் குழல் ஊதுவதுபோன்ற குரல், நடுவில் யாரோ இருமுகிற சத்தம், மறுபடி அந்த நாணல். எந்த ஊர் என்று தெரியவில்லை. அவள் பெட்டியோடு காதை ஒட்டி வைத்தாள்.

ராஜபாய் எழுந்து வந்து புழுங்குது என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள். பிறகு நின்று கொஞ்சநேரம் கேட்டாள்.

“கொஞ்சம் சத்தமா வையேன், மக்கா.”

லீலாபாய் தெருவை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பால்காரன் மட்டும் போய்க்கொண்டிருந்தான். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.