லெஃப்ட் கார்னர்

அன்னக்கிளி அந்த லுங்கியைப் பக்கெட் தண்ணீருக்குள் அமுக்கி, மேலே பழைய துண்டைப் போட்டு மூடினாள். வாசலில் மேளம் ஓய்ந்தால் யாராவது பின்பக்கம் கை கழுவ வருவார்கள். லுங்கியிலிருக்கும் வாந்தியைப் பார்த்துவிடுவார்கள். பயத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

சனிக்கிழமை தண்டலம் மைதானத்தில் செமிஃபைனல். எதிர் டீம்காரனின் முழங்கால் அவள் புருஷன் சக்திகுமாரின் பின்மண்டையில் இடித்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தான். “நாளைக்கு ஃபைனல் புள்ள. கோச்சுகிட்ட சொல்லிராத. ஜெயிச்சா வேலைய பர்மனென்ட் ஆக்கிருவாங்க” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். எட்டு வருஷமாகக் கபடி ஆடி ஒரு தோள்பட்டை, இரண்டு விரல், ஒரு காது என்று கொடுத்தவன். கபடி டிவியில் வர ஆரம்பித்த பிறகுதான் அவன் வேலை பார்த்த கம்பெனி இவர்கள் டீமையே திரும்பிப் பார்த்தது. அவளுக்கும்தான் ஆசை. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தாள். பாவி, அவளேதான் படுக்க வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பிடியில் அண்ணனும் தம்பியும் ஒரே ஆள்மேல் பாய்ந்தார்கள். இருவர் தலையும் மோதின. தம்பி மாசானம் எழுந்துவிட்டான். சக்திகுமார் எழவில்லை. இன்று மதியம்தான் போஸ்ட்மார்ட்டம் முடித்துக் கொடுத்தார்கள்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். மாசானம் குழாயடிக்கு ஓடிவந்து குனிந்து ஓங்கரித்தான். சற்று முன் குடித்த டீ அப்படியே வந்தது.

“என்னடே?”

“வெயிலு மதினி.” கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரைப் பிடித்தான்.

“தலை வலிக்கா?”

“ஒண்ணுமில்ல. கோச்சுகிட்ட சொல்லிராதீய.”

அதே பேச்சு.

வாசலில் கோச் அந்தோணிராஜ், சக்திகுமாரின் ஜெர்சியை ஃப்ரீசர் பெட்டிமேல் விரித்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். மாசானத்தைக் கண்டதும் கட்டிக்கொண்டார். “அடுத்த மாசம் டோர்னமென்ட்ல அண்ணன் எடத்துல நீ நில்லுடா. லெஃப்ட் கார்னர் உனக்குத்தான். வேலைக்கு நான் பேசிக்கிறேன்.” மாசானம் தலையாட்டினான்.

“டைம் ஆவுது. தம்பி கைல கொள்ளிச்சட்டியக் குடுங்கப்பா” என்றார் வீட்டு ஓனர் பாபு. பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைக்கத் தம்பிதான் இருந்தான். சட்டியை எடுக்கக் குனிந்தவன் தடுமாறி, பெட்டிமேல் கை ஊன்றிக்கொண்டான். துக்கத்தில் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அன்னக்கிளி பின்பக்கம் ஓடினாள். தண்ணீர் சொட்டச் சொட்ட லுங்கியைக் கொண்டுவந்து கோச்சின் காலடியில் போட்டாள்.

“சனிக்கிழமையே வாந்தி எடுத்தாரு. எனக்குத் தெரியும். சொல்லாம வெச்சிருந்தேன்.”

மாமியார் சொர்ணம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். விடிந்ததிலிருந்து அன்னக்கிளி பயந்தது அந்தப் பார்வைக்குத்தான். அவள் நிறுத்தவில்லை.

“இவனும் இப்ப எடுத்தான். கண்ணு கூசுது அவனுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.”

“இன்னாமா நீ, கொள்ளி வைக்கிற புள்ளைய அனுப்பிட்டு பொணத்த இன்னா பண்றது?” என்றார் பாபு.

“அவரு கெடப்பாரு! இவனக் கொண்டுபோங்கய்யா!”

கோச் மாசானத்தைத் தாங்கிப்பிடித்துக் காரில் ஏற்றினார். “தூங்கிராதடே!” என்று அன்னக்கிளி தெருவரை கத்திக்கொண்டே ஓடினாள்.

மேளக்காரர்கள் வேப்பமர நிழலுக்குப் போனார்கள். அன்னக்கிளி செல்போனை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியருகே உட்கார்ந்தாள். சொர்ணம்மாள் அந்த லுங்கியை எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டாள். கொள்ளிச்சட்டியிலிருந்த நெருப்பு அணையாமலிருக்கச் சாம்பலைத் தள்ளி மூடினாள். பிறகு வந்து, ஒரு கை தள்ளி, முகம் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

மடியிலிருந்த செல்போனைப் பார்த்துக் கேட்டாள்.

“போன்ல சார்ஜ் இருக்கா?”

“இருக்கு அத்தை.”